பூர்வீகம் புதுச்சேரி

"உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் குழந்தை முதற்கொண்டு "புதுச்சேரி" என்று தயங்காமல் சொல்லிவிடும். அதற்கு மேல் கேள்வி வந்தால்தான் திண்டாட்டம். புதுச்சேரியில் எந்தப் பக்கம்? முத்தியால்பேட்டை. எந்தத் தெரு? தெரியாது. யார் பெயரில் வீடு இருந்தது? அதுவும் தெரியாது. என் கொள்ளுத் தாத்தா காலத்திலேயே குடும்பம் கடலூருக்கு வந்துவிட்டது. ஊரின் பெயரை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார்கள் போலிருக்கிறது.

ஊர்ப் பெயரோடு ஒரு கதையும் வந்தது. கொள்ளுத் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-77 வாக்கில், புர்போன் தீவுக்குக் கப்பல் ஏறினாராம். ஐந்து வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொன்னவர் வரவேயில்லை. கடிதமும் இல்லை. இறந்தார் என்ற செய்தியும் இல்லை. செய்தி வராததனால் அவருடைய மனைவி அறுபது வருஷம் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அந்தக் கிழவி கண்ணை மூடிய பிறகுதான் தை அமாவாசையில் அவருக்கும் சேர்த்து ஓர் இலை போட ஆரம்பித்தார்கள். சிறு பிள்ளையாக இருந்தபோது அந்த இலையைப் பார்த்து, "இது யாருக்கு?" என்று கேட்பேன். "கப்பல் தாத்தாவுக்கு" என்பார்கள்.

இத்தனை காலம் கழித்து அந்தக் கப்பல் தாத்தாவைத் தேடிப் புறப்பட்டேன். நாவல் எழுதுகிறவனுக்கு இது வாடிக்கையான வியாதிதான். அடுத்தவர் வீட்டுக் கதையெல்லாம் எழுதித் தீர்ந்த பிறகு சொந்த வீட்டு ஞாபகம் வருகிறது.

புதுச்சேரியின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவே ஒரு கால்வாய். கிழக்கே கடலோரமாகப் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. அந்தக் காலத்தில் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து ஊன்றினார். 1693-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள்; 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் பிடித்துக் கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் பார்த்து வியக்கும் மஞ்சள் சுவர் மாளிகைகள் எல்லாம் அதற்குப் பிறகு எழும்பியவை.

முத்தியால்பேட்டை இந்த இரண்டு நகரத்துக்கும் வடக்கே இருக்கிறது. ஒரு காலத்தில் நெசவாளர் குடியிருப்பு. புதுச்சேரியின் நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரைக்கும் போயிற்று. அங்கே கருவேலம் பிசின் வாங்குவதற்கு அந்தத் துணியையே பணம் மாதிரி கொடுத்தார்களாம். நம் ஊர்த் தறியில் நெய்து, நம் ஊர் அவுரியில் தோய்த்த துணியைப் பாலைவனத்து மனிதர்கள் தலையில் சுற்றிக்கொண்டார்கள். நான் போனபோது தெருத் தெருவாக நடந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தந்தான் கேட்டது. இரண்டு மூன்று திண்ணைகளில் பெரியவர்களை விசாரித்தேன். "யார் வீடு என்று சொல்லுங்கள், காட்டுகிறோம்" என்றார்கள். நியாயமான பேச்சு.

பழைய பதிவுகளை விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் மிகவும் மரியாதையாக ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பெயர் என்ன, ஐயா?" என்றார்.

"தெரியாது."

"தகப்பனார் பெயர்?"

"தெரியாது."

"பிறந்த வருஷம்?"

நான் பேசாமல் இருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பெயர் இல்லாமல் எப்படி ஐயா தேடுகிறது?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

அன்று மாலை கடற்கரையில் என் நண்பரைச் சந்தித்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். வயது எண்பதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. அவரோடு வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் இருந்தார். முகத்தைப் பார்த்தால் விழுப்புரம் பக்கத்து மனுஷி என்று சொல்லலாம். கும்பிட்டுவிட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"மதாமுக்குத் தமிழ் வராது, தம்பி" என்றார் நண்பர். "ரெயூனியனில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தாவுக்குத் தாத்தா ஊரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்."

ரெயூனியன் என்பதுதான் பழைய புர்போன் தீவு. என் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். 1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும். தோட்ட முதலாளிகளின் கண் புதுச்சேரி மீதும் காரைக்கால் மீதும் விழுந்தது. ரெயூனியனுக்கு முன்பே ஆள்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து ஆள்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் மார்த்தினிக் தீவில் போய் இறக்கியது. அடுத்த வருஷம் டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்குப் போயிற்று. அதன் பிறகு ஏறத்தாழ முப்பத்தைந்து வருஷத்தில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் போனார்கள். ரெயூனியனுக்குப் போனவர்கள் இன்னும் அதிகம்; லட்சத்துக்கு மேல்.

இத்தனை ஆள்களுக்குப் புதுச்சேரி எங்கே போகும்? பிரெஞ்சு எல்லையோ சின்னஞ்சிறியது. அதுவும் தென்னாற்காடு ஜில்லாவுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஆகவே ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் ஆங்கில எல்லைக்குள் தென்னாற்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் என்று சுற்றினார்கள். ஆங்கில அரசு முதலில் முறைத்தது. பிறகு 1860, 1861-ஆம் ஆண்டுகளில் பிரான்சோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பி வர இலவசக் கப்பல், ஏறும் துறையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மேற்பார்வை. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தோட்டங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றிப் புகார்கள் குவிந்து, 1882-இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. எங்கள் கப்பல் தாத்தா போனது அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால்.

மதாம் தம் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ரெயூனியனின் தலைநகரமான சாந்த்தெனி ஆவணக் காப்பகத்தில் எடுத்த நகல். வந்து இறங்கிய ஒவ்வொரு கூலிக்கும் ஒரு எண் கொடுத்துப் பேரேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அவருடைய முன்னோரின் எண், பெயர், தகப்பன் பெயர், தாயார் பெயர், வயது, ஏறிய கப்பல் எல்லாம் இருந்தன. பிறந்த ஊர் என்ற இடத்தில் 'பாண்டிச்சேரி' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மதாம் இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டி வந்திருந்தார். அந்தப் பெயருக்கு உரிய தெருவில், முடிந்தால் அந்த வீட்டு வாசலில், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போக வேண்டுமாம்.

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. எழுதின குமாஸ்தா யாரோ, கப்பல் புறப்பட்ட துறையையே பிறந்த ஊராக எழுதிவிடுவது அந்தப் பேரேடுகளில் சாதாரணம். நூறு மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து நடந்து வந்தவனும் அங்கே பாண்டிச்சேரிக்காரன்தான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே நண்பர் பட்டாளத்துக்காரர் பாணியில் பிரெஞ்சில் நேராகச் சொல்லிவிட்டார்.

மதாம் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நண்பர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "அப்படியானால் நான் எங்கே போய் நிற்பது என்று கேட்கிறார்."

நண்பரே அதற்குப் பதிலும் சொன்னார். ஆனந்தரங்கப் பிள்ளையைப் புதுச்சேரிக்காரர் இல்லை என்று யாராவது சொல்வார்களா? துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை இந்த ஊரின் கதையை நாட்குறிப்பாக எழுதினவர். அவர் பெயரில் தெரு இருக்கிறது. அவர் கட்டின வீடும் இருக்கிறது. ஆனால் அவர் 1709-இல் பிறந்தது சென்னைக்குப் பக்கத்தில் பெரம்பூரில். அவருடைய தகப்பனார் வியாபாரத்துக்காகக் குடும்பத்தோடு இங்கே வந்தவர். "எவனோ ஒருவன் மூட்டையை இறக்கி வைத்த இடந்தான் அவன் பேரனுக்குப் பூர்வீகம். உங்களுக்கு மூட்டையைத் தூக்கின இடம் கிடைத்திருக்கிறது" என்றார் நண்பர்.

அந்த இடத்தையும் காட்டினார். புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏறி அலையைத் தாண்டிப் போக வேண்டும். 1866-இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1952-ஆம் வருஷப் புயலில் அது போய்விட்டது. அது இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு மதாம் கைப்பையை இறுகப் பிடித்தபடி நின்றார். வேர்க்கடலை விற்கும் பையன் அவரிடம் தமிழில் விலை சொல்லிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்ததும் அவர் என்னைப் பற்றி விசாரித்தார். என் கதையைச் சொன்னேன். கேட்டவுடனே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சாந்த்தெனியில் தமக்கு ஆவணக் காப்பகம் பழக்கம் என்றும், ஊருக்குப் போனதும் தேடி எழுதுவதாகவும் சொல்லிவிட்டு, பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டார்: "பெயர்?"

ஒரே நாளில் இரண்டாவது தடவை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு ஊர் தெரியும், பெயர் தெரியாது. அந்த அம்மாளுக்குப் பெயர் தெரியும், ஊர் தெரியாது. இது எப்படி நேர்ந்தது? படித்தவன், எழுதுகிறவன், சொந்த நாட்டில் சொந்த பாஷையோடு இருக்கிறவன் மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் தெரியாமல் விழிக்கிறேன். கூலியாக இழுத்துச் செல்லப்பட்டவனுடைய வம்சத்தினர் பாட்டனுக்குப் பாட்டனுடைய தாயார் பெயரைக்கூடக் காகிதத்தில் வைத்திருக்கிறார்கள்.

யோசித்தால் காரணம் புலப்படுகிறது. நம்மில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் மகனுக்கு ஒரு தலைப்பெழுத்து; பேரனுக்கு அதுவும் இல்லை. காகிதமோ பாசத்தினால் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கடன்பட்டவன், வழக்காடினவன், வரி கொடுத்தவன், ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன் ஆகியோரைத்தான் அது எழுதி வைக்கும். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதின பெயர்கள் அவை. நூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு பேத்தி அதையே ஜாதகம் மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவாள் என்று எழுதினவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

அந்தப் பெயரும் கிடைக்காதவர்கள் உண்டு. கூலிகளுக்கு நூறு வருஷம் முன்னாலேயே இந்தக் கரையிலிருந்து மஸ்கரைத் தீவுகளுக்கு அடிமைகளைக் கொண்டுபோனார்கள். ஆள்களை ஏமாற்றிப் பிடித்து, அடைத்து வைத்து, கப்பலுக்கு விற்ற ஒரு கும்பல் அகப்பட்ட கதையை ரங்கப்பிள்ளை 1743-ஆம் வருஷத்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்களுடைய வம்சத்தார் இன்று யார் பெயரைச் சொல்லித் தேடுவார்கள்?

கூலிகளாகப் போனவர்களின் பெயர்களும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. சிதம்பரம் 'சிதாம்பரோம்' ஆனார். வைத்திலிங்கம் 'வைத்திலிங்கோன்' ஆனார். வீரப்பிள்ளை 'விராப்புல்லே' ஆனார். ஒரு மனிதனுடைய பெயர் என்றைக்குமாகக் குடும்பத்தின் பெயராயிற்று. முத்துசாமி என்ற பெயர் குவாதலூப் தீவு வழியாக அமெரிக்காவுக்கே போயிற்று. டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் மனைவி, புகைப்படக் கலைஞர் ஜீன் முத்துசாமி-ஆஷ், சிக்காகோவில் பிறந்தவர். குவாதலூப்பில் ஆன்ரி சிதாம்பரோம் என்பவர், இந்தியாவிலிருந்து போனவரின் மகன், அங்கே பிறந்த இந்தியருக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-இல் வழக்குத் தொடுத்து, 1923 வரை விடாமல் போராடி ஜெயித்தார். கப்பல் குமாஸ்தா எழுதிய பெயரையே அவர் கோர்ட்டில் கையெழுத்தாகப் போட்டார்.

கப்பலேறாமல் ஊரிலேயே இருந்து குடும்பப் பெயர் பெற்றவர்களும் புதுச்சேரியில் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இருபத்தொரு வயது நிரம்பிய யாரும், எந்த ஜாதியாக, எந்த மதமாக இருந்தாலும், ஜாதி வழக்கப்படியான சொந்தச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். ஒரு முறை விட்டால் விட்டதுதான், திரும்ப முடியாது. வருகிறவர்கள் தமக்கும் தம் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தாமே தேர்ந்தெடுத்து எழுதித் தர வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியப் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வரக் கூடாது என்று தடுத்தபோது, பாரிஸ் வரை வழக்காடி 1873-இல் வென்றவர். அவர் தேர்ந்தெடுத்த பெயர் 'லாபோர்த்'. அதற்கு வாசற்கதவு என்று அர்த்தம். ஜாதியின் பெயரால் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் பலர் அந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள். சைகோனில் உத்தியோகமும் அவர்களுக்குக் கிடைத்தது. என் நண்பரின் பாட்டனார் அப்படிப் பெயர் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படி இணைந்தது. பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன் என்று ஆயிற்று. காகிதங்களும் அப்படியே பாகப்பிரிவினை ஆயின. பிரான்சுக்குப் போனவை எக்ஸாம்புரோவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுப் பிரஜைகளின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை நாந்த் நகரத்தில் பார்க்க வேண்டும். இங்கே தங்கியவற்றில் ஒரு பகுதி லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையில் இருக்கிறது. கல்யாணம், பிறப்பு என்று எல்லோரும் ஏறி இறங்கிய கடற்கரை 'மேரி' கட்டடம் 2014-ஆம் வருஷ மழையில் இடிந்தே விழுந்துவிட்டது. இப்போது நிற்பது அதே அச்சில் மறுபடி கட்டியது.

மறுநாள் மதாமிடம் விடைபெற்றேன். முகவரி எழுதிக் கொடுத்தார். பெயர் கிடைத்தால் அனுப்பும்படி சொன்னார். சென்னைக்குப் போக வேண்டியவன் தெற்கே திரும்பிக் கடலூர் பஸ் ஏறினேன். அங்கே மஞ்சக்குப்பத்தில் என் அத்தை இருக்கிறாள். வயது தொண்ணூற்றைந்து. கண் மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. இவளை விட்டுவிட்டு அலுவலகங்களைச் சுற்றினேனே என்று வெட்கமாக இருந்தது.

"அத்தே, கப்பல் தாத்தா பேர் என்ன?"

"எனக்கு எப்படிடா தெரியும்? யாரும் பேர் சொன்னதில்லையே. எங்க தாத்தா அண்ணன் என்பார். எங்கப்பா பெரியப்பா என்பார். பெரிய பாட்டி சொல்லுவாளா? புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறைஞ்சுடும் என்று இருந்தவள்."

வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த ஆயுசுக்காகவே ஒரு பெயரை வாய்க்குள் பூட்டி வைத்து, அந்தப் பெயரே இல்லாமற் செய்துவிட்டாள் பாவம் என்று தோன்றிற்று. அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே சற்று நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை தவறாமல் பாடலீசுவரர் கோயிலுக்குப் போவாள். என்னையும் இழுத்துண்டு போவாள். அப்போ எனக்கு ஆறு ஏழு வயசு. அவர் பேருக்குத்தான் அர்ச்சனை. குருக்கள் பேர் கேட்பார். இவள் வாயைத் திறக்க மாட்டாள்."

"பின்னே எப்படி அர்ச்சனை பண்ணுவார்?"

"இப்படிக் காட்டுவாள்" என்று சொல்லிவிட்டு அத்தை வலது கையை விரித்துக் காட்டினாள். ஐந்து விரல். இடது கையையும் தூக்கினாள். இரண்டு விரல். பிறகு அந்த இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து மேற்கே, திருப்பதி இருக்கும் திக்கு என்று அவள் நினைத்த பக்கம், ஒரு கும்பிடு போட்டாள்.

"குருக்களுக்கு அது போதும். உரக்கச் சொல்லுவார்" என்றாள் அத்தை. "அந்தப் பேரைக் கேட்கிறதுக்காகவேதான் போவாள் என்று எனக்குத் தோணும்."

அன்று இரவே ரெயூனியனுக்குக் கடிதம் எழுதினேன். பெயர் இது, மனைவி ஊரில் தங்கிவிட்டாள், போன காலம் தாது வருஷப் பஞ்சம், தொழில் நெசவு, ஊர் முத்தியால்பேட்டை. பிறந்த ஊர் என்ற இடத்தில் புதுச்சேரி என்று எழுதியிருந்தால், இந்த ஒரு மனிதர் விஷயத்தில் அது உண்மை என்றும் எழுதினேன்.